செயின் நறநறக்கிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சைக்கிள் பராமரிப்பு பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை செயினைப் பற்றியே இருந்ததால் இந்த முறை முழுக்க அதற்கே இடம்.

கியர் சைக்கிள் வாங்கி ஏழு மாதம் ஆகிறது, செயின் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. கடைக்காரர் பெட்ரோல் ஊற்றிக் கழுவு என்கிறார். விடுதி நண்பன் டபிள்யூடி-40 அடித்தால் போதும் என்கிறான். அப்பா மண்ணெண்ணெய்தான் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– கல்லூரி மாணவர், மதுரை

மூன்று பேரும் அழுக்கை எதில் கரைப்பது என்று சொல்லிவிட்டார்கள், அழுக்கு எங்கே இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. முதலில் அதைப் பார்த்துவிடுவோம் தம்பி.

செயினின் ஒரு கண்ணியைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் தகடு, நடுவில் ஓர் உருளை, உருளைக்குள் குறுக்கே ஓர் ஆணி, கடையில் அதைப் பின் என்பார்கள். பல்சக்கரத்தின் மேல் ஏறி இறங்கும்போது கண்ணி வளைகிறதே, அந்த வளைவு முழுக்க அந்த ஆணியைச் சுற்றித்தான் நடக்கிறது. மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் 1880-இல் செய்த உருளைச் செயினிலிருந்து இன்று உங்கள் சைக்கிளில் ஓடுவது வரை இந்த அடிப்படை மாறவில்லை. தேய்வதும் அங்கேதான். வெளித்தகட்டில் அப்பியிருக்கும் கருப்பு பார்க்க அசிங்கமாக இருக்கும், பேன்ட்டில் ஒட்டும், அவ்வளவுதான். அதில் இருக்கும் மணல் துகள் எண்ணெயோடு சேர்ந்து ஆணிப் பக்கம் இறங்கும்போதுதான் ஆபத்து, அரத்தால் ராவுவது போல உள்ளே ஓயாமல் ராவிக்கொண்டே இருக்கும்.

அதனால் கழுவுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். செயினின் கீழ்ப்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் வளைத்து, காதைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். சத்தமில்லாமல் வழுக்கினால் உள்ளே நன்றாக இருக்கிறது, வெளியே துணியால் துடைத்தால் போதும். சரியாக அலசாத கீரையில் மண் கடிபட்டது போல நறநறவென்றால் கழற்றித்தான் கழுவ வேண்டும். ஏழு மாதம் தொடாத செயின் நிச்சயம் நறநறக்கும்.

இப்போது எதில் கழுவுவது என்பதற்கு வருகிறேன். பெட்ரோல் நன்றாகக் கரைக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவி, நாம் வாசலில் உட்கார்ந்து கழுவிக்கொண்டிருக்கும்போது உள்ளே பூஜை விளக்கு வரைக்கும் போகும். பற்றிக்கொள்ள சின்னப் பொறி போதும். விடுதி அறையில் வேண்டவே வேண்டாம். மெக்கானிக்குகள் தினமும் செய்கிறார்களே என்றால், அவர்கள் திறந்த வெளியில் செய்கிறார்கள், அதுவும் நல்ல பழக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் அப்பா சொல்வதே சரி. மண்ணெண்ணெய் பெட்ரோல் போலச் சட்டென்று பற்றாது, கிரீஸைக் கரைக்கிறது, தகட்டை ஒன்றும் செய்வதில்லை. அதற்காக அடுப்புப் பக்கம் கொண்டுபோகவும் கூடாது.

டபிள்யூடி-40 பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ராக்கெட் கெமிக்கல் என்ற சின்ன நிறுவனம், அட்லஸ் ஏவுகணையின் வெளித்தோல் துருப்பிடிக்காமல் இருக்க ஈரத்தை விரட்டும் திரவம் ஒன்றைச் செய்யப் பார்த்தது, நாற்பதாவது கலவை கைகூடியது, பெயரில் இருக்கும் 40 அதுதான். ஆக அதன் வேலை ஈரத்தை விரட்டுவது, இறுகியதை இளக்குவது. செயினில் அடித்தால் அழுக்கை இளக்கும், அதோடு உள்ளே இருந்த நல்ல எண்ணெயையும் சேர்த்து இளக்கி வெளியே கொண்டுவந்துவிடும், தான் விட்டுப்போகும் எண்ணெய்ப் படலமோ மெல்லியது. இரண்டு நாள் சத்தமில்லாமல் ஓடும், மூன்றாம் நாள் கீச் கீச் என்னும். மழையில் நனைந்து வந்த அன்று அடித்துத் துடைத்துவிட்டு, அப்புறம் முறையான எண்ணெய் விடுங்கள், அதற்கு நல்லது. அதே நிறுவனமே சைக்கிள் செயினுக்கென்று தனி எண்ணெய் விற்கிறது.

கழுவும் முறை இதுதான். செயினில் ஒரு கண்ணி மட்டும் மற்றவற்றைவிட வேறு மாதிரி இருக்கும், நிறமும் சில சமயம் மாறியிருக்கும், அதைச் செயின் லாக் என்பார்கள். அதைத் திறக்கத் தனி பிளையர் இருக்கிறது. இல்லையென்றால் ஒரு பழைய ஷூ லேஸ் போதும், லாக்கின் இரண்டு பக்க உருளைகளையும் சேர்த்துக் குறுக்காகச் சுற்றி இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி டக் என்று கழன்றுகொள்ளும். கழற்றிய செயினை அகலவாய் உள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, மூழ்கும் அளவு மண்ணெண்ணெய் விட்டு மூடி, இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். முதல் தடவை டிகாக்‌ஷன் போலக் கருப்பாக வரும். அதைத் தனியே ஊற்றிவைத்துவிட்டு மறுபடி புதிதாக விட்டுக் குலுக்குங்கள். இரண்டு மூன்று தடவையில் தேயிலைத் தண்ணீர் நிறத்துக்கு வந்துவிடும், அதற்கு மேல் மினுக்க வேண்டியதில்லை. துணியால் இழுத்துத் துடைத்து, வெயிலில் தொங்கவிட்டு, மண்ணெண்ணெய் வாடை போகும்வரை காயவிடுங்கள். அது முழுக்கப் போகாமல் எண்ணெய் விட்டால் எண்ணெய் நீர்த்துப்போகும், இந்த இடத்தில்தான் அவசரப்பட்டுப் பலர் கோட்டைவிடுகிறார்கள்.

சில லாக்குகள் ஒரே தடவை போடுவதற்கென்று செய்யப்பட்டவை, குறிப்பாகப் பின்னால் பத்து, பதினொன்று, பன்னிரண்டு பல்சக்கரம் உள்ள சைக்கிள்களில். உங்களுடையது எது என்று டப்பாவில் பார்த்துவிட்டுத் திறவுங்கள். லாக்கே இல்லாமல் ஆணி அடித்த செயின் என்றால் அதைக் கழற்றாமலே கழுவும் வழியைக் கீழே வேறொருவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

எண்ணெய் விடுவது ஒரு நிதானமான வேலை. கியர் சைக்கிள் செயினில் சுமார் 114 கண்ணி இருக்கும், அத்தனை உருளைக்கும் ஒவ்வொரு சொட்டு. லாக்கின் மேல் நகப்பாலிஷால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் எங்கே தொடங்கினோம் என்று குழம்பாது. சொட்டு உருளையின் மேல் ஒரு விநாடி குமிழாக நிற்கும், பிறகு உருளைக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் தானாக இழுபட்டு மறையும். அது மறைவதைப் பார்த்துவிட்டு அடுத்த கண்ணிக்குப் போங்கள். முடிந்ததும் பெடலைப் பின்னோக்கி இருபது சுற்று சுற்றி, கால் மணி நேரம் விட்டு, வெளியே தெரியும் எண்ணெய் முழுவதையும் துடைத்தெடுங்கள். இவ்வளவு பார்த்து விட்டதைத் துடைப்பதா என்று மனசு கேட்காது. ஆனால் வெளியே நிற்கும் எண்ணெய்க்குத் தூசியைப் பிடிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், பள்ளியில் கொடுத்த சைக்கிள். கடற்கரைப் பக்கம் வீடு, செயின் செம்பழுப்பாகத் துருவேறி, மணலும் ஒட்டியிருக்கிறது. மண்ணெண்ணெய் இப்போது எங்கள் பக்கம் கிடைப்பதில்லை, பங்க்கில் டீசல் பாட்டிலில் தர மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, நாகப்பட்டினம்

பெயின்ட் கடையில் டர்பன்டைன் என்று கேளுங்கள், அரை லிட்டர் பாட்டிலாகக் கிடைக்கும், மண்ணெண்ணெய் செய்யும் வேலையை அப்படியே செய்யும். தின்னர் வாங்கிவிடாதீர்கள், அது சைக்கிள் பெயின்ட்டையும் சேர்த்துக் கரைத்துவிடும்.

ஆனால் திரவத்தை எடுப்பதற்கு முன் காய்ந்த பிரஷ்ஷால் மணலைத் தட்டிவிடுங்கள். மணல் இருக்கும்போதே ஈரம் பட்டால் அது சேறாகி உள்ளேதான் போகும். பழைய டூத் பிரஷ், இல்லை பாத்திரம் தேய்க்கும் சின்ன பிரஷ் எதுவானாலும் சரி, செயினையும் பெரிய பல்சக்கரத்தையும் பின்னால் உள்ள பல்சக்கரமான ஃப்ரீவீலையும் ஈரம் படாமல் காய்ந்தபடியே தட்டித் துடையுங்கள். செயின் கவரின் அடியில் ஒரு கைப்பிடி மணல் தேங்கியிருக்கும், அதை எடுக்காமல் செயினை மட்டும் கழுவினால் ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிடும்.

துருவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். விரலால் தேய்த்தால் செம்பொடி கையில் ஒட்டுகிறது என்றால் அது மேல்துரு, டர்பன்டைனில் ஊறவைத்துத் தேய்த்து, எண்ணெய் விட்டு ஓட்டினால் சரியாகிவிடும். சில கண்ணிகள் மடங்காமல் விறைத்து நிற்கும். அந்தக் கண்ணியை இரண்டு பக்கமும் பிடித்து, வழக்கமாக மடங்கும் திசையில் இல்லாமல் பக்கவாட்டில் லேசாக அசைத்தால் இளகிவிடும். தகட்டில் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருந்தால் மாற்றிவிடுவதே மேல். துரு நீக்கும் ஆசிட் மட்டும் கூடவே கூடாது, கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டானாலும் கடையில் விற்கும் துரு நீக்கியானாலும். அமிலம் பட்ட கடின எஃகு உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை அடைகிறது, வெளியே பளபளவென்று இருக்கும், மேடு ஏறி அழுத்தி மிதிக்கும்போது பட்டென்று அறுந்துவிடும். அறுந்தால் பிள்ளை கைப்பிடியின் மேல் போய் விழுவாள். சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனம் தன் செயின் கையேட்டிலேயே அமிலமும் காரமும் பயன்படுத்தாதீர்கள் என்று எச்சரிக்கிறது.

இந்த மாதிரி சைக்கிள்களில் செயின் லாக் மீன் வடிவில் ஒரு சின்ன கிளிப்போடு இருக்கும். திரும்பப் போடும்போது அதன் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும், பிளந்த வாய் பின்னால். மாற்றிப் போட்டால் எங்கேயாவது உரசி கிளிப் கழன்று போகும். இதைப் பிள்ளைக்கும் ஒருமுறை காட்டிக் கொடுங்கள். கடைசியாக, செயினின் நடுப்பகுதியை விரலால் தூக்கிப் பார்த்தால் ஒரு செ.மீ., ஒன்றரை செ.மீ. அளவுக்கு ஏறி இறங்க வேண்டும். விறைப்பாக இருந்தாலும் தொளதொளவென்று இருந்தாலும் பின்சக்கர நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய வேண்டும்.

கடல் காற்றில் உப்பு இருக்கிறது, அதனால் உங்களுக்கு வாரம் ஒருமுறை துடைத்து, பத்து நாளுக்கு ஒருமுறை எண்ணெய். இதைத் தள்ளிப்போட முடியாது.

ஐம்பது வருடமாகச் சைக்கிள் ஓட்டுகிறேன். செயினுக்குத் தேங்காய் எண்ணெயோ, ஒர்க் ஷாப்பில் கிடைக்கும் பழைய என்ஜின் ஆயிலோதான் விட்டு வந்திருக்கிறேன். ஒரு குறையும் வந்ததில்லை. இதில் என்ன தப்பு?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், கும்பகோணம்

ஐயா, உங்கள் சைக்கிளில் முழுச் செயின் கவர் இருக்கும் என்று நினைக்கிறேன், பழைய கருப்பு சைக்கிள்களின் பெரிய பலம் அதுதான். மண்ணும் மழையும் செயினைத் தொடவே விடாது. அதோடு அந்தச் செயின் அகலமானது, பின்னால் ஒரே பல்சக்கரம், கியர் மாற்றும் வேலை இல்லை, கொஞ்சம் தேய்ந்தாலும் பொறுத்துக்கொண்டு ஓடும். ஐம்பது வருடம் குறையில்லாமல் ஓடியதற்கு எண்ணெயைவிட இவையும், விடாமல் எண்ணெய் விட்டு வந்த உங்கள் கையும்தான் காரணம்.

தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழி விடியலில் கும்பகோணத்திலேயே பாட்டிலில் உறைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், செயினுக்குள்ளும் அப்படித்தான். நல்லெண்ணெய் இன்னும் மோசம். சமையலறையில் எண்ணெய்க் குப்பியின் கழுத்தைச் சுற்றி ஒரு பிசுக்குப் பிடித்து, நகத்தால் சுரண்டினாலும் வராமல் இருக்கிறதே, சமையல் எண்ணெய் காற்றுப் பட்டு நாளானால் அப்படித்தான் ஆகும். அது உருளைக்குள் நடந்தால் தூசிக்குப் பசை போட்டுக் கொடுத்தது போல.

பழைய என்ஜின் ஆயிலை மட்டும் நிறுத்திவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கருப்பாக இருக்கிறதே, அதில் கரியும் என்ஜினுக்குள் தேய்ந்த உலோகத் துகளும் கலந்திருக்கின்றன. தேய்மானத்தைத் தடுக்க விடும் எண்ணெயிலேயே தேய்க்கும் பொருளை வைத்து விடுகிறோம், கைத்தோலுக்கும் அது ஆகாது. புதிய என்ஜின் ஆயில் கால் லிட்டர் வாங்கினால் உங்களுக்குப் பல வருடம் வரும். கவர் உள்ள சைக்கிளுக்கு அது தாராளமாகப் போதும், உருளைக்கு ஒரு சொட்டு வைத்துத் துடைத்துவிடுங்கள். கவர் இல்லாத சைக்கிளுக்கு அது கெட்டியாகி நிறையத் தூசி பிடிக்கும் என்பதால் பேரப்பிள்ளைகளின் சைக்கிளுக்கு விட வேண்டாம். தையல் மெஷின் எண்ணெய் பற்றியும் கேட்பார்கள், சுத்தமானது, உள்ளே நன்றாக இறங்கும், ஆனால் சன்னமானது என்பதால் அடிக்கடி விட வேண்டியிருக்கும்.

சனி ஞாயிறில் இசிஆரில் அறுபது கிலோமீட்டர் ஓட்டுகிறேன். செயினைக் கழற்றாமலே கழுவும் பிரஷ் பெட்டி ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கலாமா?
– மென்பொருள் ஊழியர், சென்னை

வீட்டில் இரண்டு மூன்று சைக்கிள் இருந்தால், அல்லது உங்கள் செயினில் லாக் இல்லை என்றால் வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்தக் காசுக்கு லாக் பிளையரும் ஒரு நல்ல செயின் எண்ணெயும் வாங்கிவிடலாம், பாட்டிலில் போட்டுக் குலுக்கும் அளவுக்கு அந்தப் பெட்டி உள்ளே சுத்தம் செய்யாது.

வாங்கினால் இப்படிப் பயன்படுத்துங்கள். பெட்டிக்குள் சுழலும் பிரஷ்கள் இருக்கும், செயினின் கீழ் ஓட்டத்தில் பெட்டியை மாட்டி, குறியிட்ட கோடு வரை திரவம் விட்டு, பெடலைப் பின்னோக்கி முப்பது சுற்று நிதானமாகச் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் தெறிக்கும். அழுக்குத் திரவத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக விட்டு மறுபடியும். பலர் ஒரே தடவையோடு நிறுத்துகிறார்கள், அது அழுக்கை அழுக்கிலேயே அலசுவது. கடைசிச் சுற்றுக்குப் பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு சொட்டு வெந்நீரில் கலந்து விட்டுச் சுற்றி, பிறகு வெறும் தண்ணீர், உடனே துணி, உடனே வெயில். சோப்புத் தண்ணீரில் செயினை ராத்திரி முழுக்க ஊறவைக்காதீர்கள், காலையில் துருவோடுதான் எடுப்பீர்கள்.

மலிவான பெட்டிகளில் கொக்கி சீக்கிரம் உடைகிறது, பிரஷ் உதிர்ந்து செயினிலேயே சிக்குகிறது. அதைவிட முக்கியம், டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளாக இருந்தால் பின்சக்கரத்தின் பிரேக் வட்டின் மேல் ஒரு பாலித்தீன் பையைச் சுற்றிக் கட்டிவிட்டு ஆரம்பியுங்கள். எண்ணெய் ஒரு துளி பட்டாலும் பிரேக் கத்தும், பிடிக்காது, இசிஆரில் பேருந்து பக்கத்தில் போகும்போது அது விளையாட்டில்லை. ஸ்பிரே எதையும் செயினை நோக்கி நேராக அடிக்காதீர்கள், துணியில் அடித்துத் துணியால் துடையுங்கள்.

துணி என்றதும் சொல்கிறேன், திருப்பூர் பனியன் வேஸ்ட் என்று ஹார்டுவேர் கடைகளில் கிலோ கணக்கில் விற்பார்கள். நூல் பிரியாது, எண்ணெயை நன்றாக உறிஞ்சும், நீளநீளமாகக் கிழித்துப் பல்சக்கரங்களின் இடுக்கில் விட்டு முன்னும் பின்னும் இழுத்தால் பிரஷ் போகாத இடத்து அழுக்கும் வந்துவிடும். எவ்வளவோ விலை கொடுத்து வாங்கிய கருவிகள் என் அலமாரியில் இருக்கின்றன, கை முதலில் போவது இந்தத் துணிக்குத்தான். ஒவ்வொரு சவாரி முடிந்ததும் இரண்டு நிமிடம் இதால் செயினைப் பிடித்து இழுத்துத் துடைத்தால், கழற்றிக் கழுவும் வேலை முந்நூறு நானூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை வந்தால் போதும்.

துணியைச் செயினின் கீழ் ஓட்டத்தில், இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவில் மட்டும் பிடியுங்கள், பெடலைப் பின்னோக்கி மட்டும் சுற்றுங்கள். என் அண்ணன் மகனுக்கு எட்டு வயதில் துணியோடு விரலும் பல்லுக்குள் போய்விட்டது. நகம் போய், விரல் நுனி தைக்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் அந்த விரல் நுனி சற்றுச் சப்பையாகத்தான் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் நின்றால் வேலையை நிறுத்திவிடுங்கள்.

தண்ணீர் சர்வீஸ் கடையில் பைக்கோடு சேர்த்துச் சைக்கிளையும் அடித்துத் தரச் சொல்லலாமா?
– வாசகர், சேலம்

வேண்டாம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஃப்ரீவீலுக்குள்ளும் சக்கர அச்சுக்குள்ளும் பெடல் அச்சுக்குள்ளும் புகுந்து கிரீஸை வெளியேற்றிவிடும், செயின் சுத்தமாகும், மற்றதெல்லாம் ஒரு மாதத்தில் கடகடக்கும். பைக் செயினுக்கு அடிக்கும் ஸ்பிரேயும் சைக்கிளுக்கு ஒத்துவராது, பிசுபிசுப்பு அதிகம்.

செயினைச் சூடான மெழுகில் முக்கி எடுத்தால் தூசியே ஒட்டாது என்கிறார்கள். வீட்டில் மெழுகுவத்தியை உருக்கிச் செய்யலாமா?
– சைக்கிள் ஆர்வலர், கோவை

செய்யலாம், அருமையான முறை, ஆனால் பொறுமை வேண்டும். மெழுகு காய்ந்து இறுகிவிடுவதால் தூசிக்கு ஒட்ட இடமில்லை, செயினைக் கையால் தொட்டாலும் கை கருக்காது. பருத்தித் தூசியும் செம்மண்ணும் பறக்கும் காய்ந்த மாதங்களில் உங்கள் பக்கத்துக்கு நன்றாகப் பொருந்தும்.

முதல் தடவைதான் பாடு. செயினில் எண்ணெயோ கிரீஸோ துளி இருந்தாலும் மெழுகு உலோகத்தைப் பிடிக்காது. டர்பன்டைனில் மூன்று நான்கு தடவை குலுக்கி, திரவம் தெளிவாக வரும்வரை மாற்றி, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒருமுறை அலசிக் காயவைக்க வேண்டும். புதுச் செயின் என்றாலும் இது உண்டு, தொழிற்சாலையில் போட்ட கிரீஸ் உள்ளே இருக்கும். (மெழுகு போடாதவர்கள் புதுச் செயினைக் கழுவாதீர்கள், அந்தக் கிரீஸ் நல்லது, வெளியே மட்டும் துடைத்துவிட்டு ஓட்டுங்கள்.)

மெழுகுவத்தியில் நிறமும் வாசனையும் வேறு சேர்மானங்களும் இருக்கும். மெழுகுவத்தி செய்யும் பொருள் விற்கும் கடையில் வெறும் பாரஃபின் மெழுகு என்று கேட்டு வாங்குங்கள். சிவகாசிப் பக்கம் தீக்குச்சியைப் பாரஃபினில் தோய்க்கிறார்கள், எப்படி எரியும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் சின்னப் பாத்திரத்தில் மெழுகு. தண்ணீர் இருக்கும்வரை சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. வேலை முடியும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள், அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

செயினைக் கம்பியில் கோத்து உருகிய மெழுகில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று பொடிப்பொடிக் குமிழியாக மேலே வரும். சோடா பாட்டிலைத் திறந்தது போல ஆரம்பித்து, மெல்லக் குறைந்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் நின்றுவிடும். நின்றால் மெழுகு ஆணி வரைக்கும் போய்விட்டது என்று பொருள். அடுப்பை அணைத்து, மேலே பாலாடை போல ஒரு படலம் கட்டும் நேரத்தில் எடுத்துத் தொங்கவிடுங்கள். ஆறியதும் குச்சி போல விறைத்து நிற்கும், பயப்படாமல் ஓர் உருண்டைக் கம்பியின் மேல் ஒவ்வொரு கண்ணியாக மடக்கி இளக்கி மாட்டுங்கள்.

முந்நூறு கிலோமீட்டர் போல ஓடும், பிறகு திரும்ப முக்க வேண்டும், அதற்கு முன் கொதிக்கும் தண்ணீரில் அலசினால் போதும். மழையில் நனைந்தால் கணக்கு வேறு, வீட்டுக்கு வந்ததும் துடைத்துக் காயவைக்காவிட்டால் துரு வந்துவிடும். தினமும் வேலைக்குச் சைக்கிளில் போகிறவர், மழைக்காலத்திலும் ஓட்டுகிறவர் என்றால் இது வேண்டாம், எண்ணெயே இருக்கட்டும்.

புதுச் செயின் மாற்றினேன், அழுத்தி மிதித்தால் பல்லில் நழுவுகிறது. கடைக்காரர் ஃப்ரீவீலையும் மாற்ற வேண்டும் என்கிறார். ஏமாற்றுகிறாரா?
– வாசகர், திருச்சி

இல்லை, அவர் சொல்வது சரி. பழைய செயினை நீங்கள் நாள் தாண்டி ஓட்டிவிட்டீர்கள். செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே, எஃகு ரப்பர் போல இழுபட்டதாக எண்ண வேண்டாம். ஒவ்வொரு ஆணியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ஒவ்வொரு கண்ணியும் மயிரிழை தள்ளிப்போகிறது. ஒரு கண்ணிக்கு 0.06 மில்லிமீட்டர் என்றாலும் 114 கண்ணிக்கு ஏழு மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. அப்படித் தள்ளிப்போன செயின் தன் அளவுக்குப் பல்லையும் தேய்த்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்தே தேய்ந்ததால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. புதுச் செயின் வந்ததும் அந்தப் பொருத்தம் போய்விட்டது. பல்லைப் பாருங்கள், ஒரு பக்கம் சாய்ந்து சுறாவின் முதுகுத் துடுப்பு போல ஆகியிருக்கும்.

அடுத்த முறை இதைத் தவிர்க்கப் பள்ளிக்கூட இரும்பு ஸ்கேல் போதும். கண்ணி ஒவ்வொன்றும் சரியாக அரை அங்குலம், அதனால் ஓர் ஆணியின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால் பன்னிரண்டாவது அங்குலமும் ஓர் ஆணியின் நடுவில் விழ வேண்டும். ஆணி ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் கியர் சைக்கிளில் அப்போதே செயினை மாற்றிவிடுங்கள், ஃப்ரீவீல் தப்பித்துக்கொள்ளும். எட்டில் ஒரு பங்கு தள்ளிவிட்டால் பல்லும் போயிருக்கும். ஒற்றைப் பல்சக்கர சைக்கிள் என்றால் எட்டில் ஒரு பங்கு வரை ஓட்டலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளந்து, செயின் கழுவிய தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள்.

கழுவிய மண்ணெண்ணெயை எங்கே கொட்டுவது? கைக்கறை போக என்ன செய்வது?
– வாசகி, தஞ்சாவூர்

இதைக் கேட்டதற்கு நன்றி, யாரும் கேட்பதில்லை. சாக்கடையிலும் தென்னை மரத்தடியிலும் கொட்டாதீர்கள், கிணறு உள்ள வீட்டில் மண்ணில் ஊற்றவே கூடாது. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி மூடி, மேலே பெயரெழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் ஒரு வாரம் அசைக்காமல் வையுங்கள். கசடு முழுக்க அடியில் சேறாக இறங்கிவிடும், மேலே உள்ளது தெளிந்திருக்கும். தெளிவை மட்டும் வேறு பாட்டிலில் வடித்து அடுத்த தடவை முதல் அலசலுக்கு எடுத்துக்கொள்ளலாம், நான் அரை லிட்டரை ஒரு வருடத்துக்கு மேல் இப்படி ஓட்டுகிறேன். அடிக்கசடை மரத்தூளிலோ பழைய செய்தித்தாளிலோ உறிஞ்சவைத்துத் தனியாகக் கட்டிக் குப்பை எடுப்பவரிடம் என்ன என்று சொல்லிக் கொடுங்கள்.

கைக்கு முதலில் சோப்புப் போடாதீர்கள். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் எடுத்துக் காய்ந்த கையில் நன்றாகத் தேய்த்து, கறை இளகியதும் துணியால் துடைத்துவிட்டு, அப்புறம் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் கருப்பு நிற்கும், அதற்கு வேலை தொடங்கும் முன்பே ஈர சோப்பை நகத்தால் சுரண்டி வைத்துக்கொண்டால் கறை உள்ளே போகாது.